காபி குடிச்சிட்டு வர்றேன்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகாலுக்கு ஷீலா வேலைக்குக் கிளம்பியபோது, அவள் அப்பா அப்பாதுரை வாசலில் நின்று தண்ணீர் கேன் போடுகிறவரோடு வாதாடிக்கொண்டிருந்தார். மூடி லீக் ஆகிறதாம். வேறு கேன் கொடுத்தால்தான் எடுத்துக்கொள்வாராம். நடுவில் அவள் பக்கம் திரும்பி, "ஹெல்மெட் பட்டையை மாட்டு. சும்மா தலையில கவுத்துக்கிட்டுப் போகாத" என்றார்.

அவருக்கு எழுபத்தொரு வயது. கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருஷம் லேத் மெஷின் முன்னால் நின்றவர். அந்தச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல் அஸ்தினாபுரத்துச் சந்தின் கடைசி வீடு வரைக்கும் கேட்கும். வாதாடாமல் ஒரு தேங்காய்கூட வாங்கமாட்டார். அம்மா இறந்தபின் வீட்டில் அவரும் ஷீலாவும்தான்.

ஷீலா குரோம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். ஞாயிறு என்றால் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்களை முடித்துவிட்டு ஒன்பதரைக்கு வீடு திரும்பிவிடுவாள். அன்றும் திரும்பினாள். சமையலறை வாசலில் அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வலது கை மடியில் கிடந்தது. அவளைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றார். சத்தம்தான் வந்தது.

பக்கவாதம் என்று பார்த்ததுமே தெரிந்தது. ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதும் தெரியும். எப்போது விழுந்தார் என்று தெரியாவிட்டால், கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் டாக்டர்கள் கணக்கிடுவார்கள். ஆறேகால். பத்தே முக்காலுக்குள் ஊசி ஏற வேண்டும். ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். எதிர்வீட்டு ஞானசௌந்தரி ஓடிவந்து அப்பாவின் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள்.

ஒன்பது ஐம்பதுக்கு ஆம்புலன்ஸ் சந்து முனைக்கு வந்துவிட்டது. உள்ளே வரவில்லை.

சந்து முனையை ஒட்டி ஒரு கல்யாண மண்டபம். அன்று முகூர்த்தம். சந்தின் வாயை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கார் குறுக்காக நின்றது. காருக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம். ஸ்ட்ரெச்சர் போகாது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். உள்ளே நாதஸ்வரம் வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.

ஷீலா மண்டபத்துக்குள் ஓடினாள். மேனேஜர் மைக்கில் வண்டி நம்பரை இரண்டு முறை சொன்னார். ஆம்புலன்ஸ் நிற்கிறது என்றும் சொன்னார். யாரும் எழுந்திருக்கவில்லை. அவள் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய், இலை இலையாகக் கேட்டுக்கொண்டே நடந்தாள். "வெள்ளை கார் யாருது? சந்துல நிக்கிற வண்டி யாருது சார்?"

மூன்றாவது பந்தியில் ஒருவர் இடது கையைத் தூக்கினார். அறுபது வயதிருக்கும். கரை வேட்டி, நெற்றியில் சந்தனம். இலையில் பொங்கலும் பாதி வடையும்.

"என் வண்டிதான்மா. இப்பத்தான் உக்காந்தேன்."

"எங்கப்பாவுக்கு ஸ்ட்ரோக் சார். ஆம்புலன்ஸ் உள்ள வர முடியல."

"புரியுதும்மா. ரெண்டு நிமிஷம். காபி குடிச்சிட்டு வர்றேன்."

"சாவியைக் குடுங்க சார். நானே எடுக்கறேன்."

"புது வண்டிம்மா அது. யார் கையிலயும் குடுக்க முடியாது. நீ போ, பின்னாலேயே வர்றேன்."

அவள் நகராமல் நின்றாள். பக்கத்து இலைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "அதான் வரேங்கறாரேம்மா, மனுஷன் சாப்பிட வேணாமா?" என்றார்.

அந்த இரண்டு நிமிஷத்தை அவள் நம்பினாள். பிற்பாடு அவளைத் தூங்கவிடாமல் அடித்தது இதுதான். பின்னாலேயே வருவார் என்று நம்பி, திரும்பி ஓடி, அப்பாவிடம் "இதோ, வந்துடுச்சுப்பா" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் முனைக்கு வந்தாள். கார் அங்கேயே நின்றது. ஆம்புலன்சில் வந்தவரும் ஸ்ட்ரெச்சரை இறக்கி வைத்துக்கொண்டு, "எடுக்கறாங்களா? எடுக்கறாங்களா?" என்று கேட்டுக்கொண்டே நின்றார். பத்து மணி எட்டு நிமிஷம். பத்து மணி பதிமூன்று நிமிஷம். மறுபடியும் உள்ளே ஓடினாள். அந்த இலை காலியாக இருந்தது. கை கழுவப் போயிருக்கிறார், இதோ வந்துவிடுவார் என்றார்கள்.

மண்டபத்தின் பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கன்னியம்மா அவளைத் தடுத்து நிறுத்தினாள். பத்து வருஷமாக அங்கே வேலை செய்கிறவள். சோப்பு நுரை வழிகிற கை.

"இன்னாமா, இன்னா ஆச்சு? எதுக்கு இப்டி ஓடிகினு கீற?"

ஷீலா சொன்னாள்.

"அவன் வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுக் கன்னியம்மா சமையற்கட்டைப் பார்த்துக் கத்தினாள். "யோவ், அடுப்ப அணைச்சுட்டு வாங்கய்யா! நாலு பேரு வாங்க! பிளாஸ்டிக் சேர் ஒண்ண எடுத்துக்குங்க!"

நாலு சமையல்காரர்கள் இடுப்புத் துண்டோடு வந்தார்கள். மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பாவை உட்காரவைத்து, துண்டால் கட்டி, சந்து முழுக்கத் தூக்கி வந்தார்கள். இடுக்கில் நாற்காலி நுழையவில்லை. கன்னியம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கார் பானட் மேல் ஏறினாள். இன்னொருவரும் ஏறினார். கீழே இருந்தவர்கள் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக் கொடுத்தார்கள்.

அப்போதுதான் கார்க்காரர் வந்தார். கையில் காபி டம்ளர் இருந்தது.

"ஏய், ஏய்! பெயிண்ட் போகுதுய்யா! இறங்கு! இதோ எடுக்கறேன்னு சொன்னேன்ல?"

யாரும் அவரைப் பார்க்கவில்லை. அப்பாவின் வீட்டுச் செருப்பு ஒன்று கழன்று பானட்டில் விழுந்தது. கார்க்காரர் அதை விரல் நுனியால் தள்ளிவிட்டு, கீறல் விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போய், ஸ்கேன் முடியும்போது மணி பதினொன்று ஐந்து.

"நேரம் தாண்டிடுச்சும்மா. இப்ப அந்த ஊசி போட்டா மூளையில ரத்தம் கசியலாம்" என்றார் டாக்டர். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "சரியான நேரத்துக்குப் போட்டிருந்தாலும் உத்தரவாதம் இல்ல. ஒரு வாய்ப்பு இருந்தது, அவ்வளவுதான்" என்றார்.

மூன்று வாரம் கழித்து அப்பா வீட்டுக்கு வந்தார். வலது கை எழவில்லை. பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் தங்கியிருந்தது. "சரி." சாப்பிடுகிறீர்களா என்றால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. தண்ணீர் கேட்கவும் சரி, வேண்டாம் என்று தள்ளவும் சரி. அவருக்கு உள்ளே எல்லாம் புரிகிறது, சொல்ல வேறு வார்த்தை கிடைக்கவில்லை என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னாள். யாரிடமும் எதற்கும் சரி என்று சொல்லாத மனிதர்.

ஷீலா போலீசில் புகார் கொடுத்திருந்தாள். வழியை மறித்து வண்டி நிறுத்தியதற்கு அபராதம் போட்டார்கள். அதைக் கார்க்காரர் போனிலேயே கட்டிவிட்டார். அதோடு முடிந்தது. ஆனால் யாரோ எடுத்த வீடியோ அந்த வட்டாரம் முழுக்கச் சுற்றியது. நாற்காலி பானட்டுக்கு மேலே போகிறது, "பெயிண்ட் போகுதுய்யா" என்று குரல் கேட்கிறது. அந்த வீடியோதான் அவரை ஷீலா வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது.

அவர் பெயர் ஸ்ரீநிவாசன். ஓய்வுபெற்ற அதிகாரி. தன் காலனிச் சங்கத்துக்குச் செயலாளர். ஒரு பை ஆப்பிளோடு வந்து, வாசற்படியில் கால் இடறி, சமாளித்துக்கொண்டு உள்ளே வந்தார். அப்பாவின் கட்டில் அருகே உட்கார்ந்து, போனை எடுத்து மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார்.

"சார், அன்னைக்கு நடந்தது துரதிர்ஷ்டம். நான் வேணும்னு செய்யல. உங்களுக்கு மனசுல ஒண்ணும் இல்லையே? சரிதானே?"

அப்பா அவரை உற்றுப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. இடது கை போர்வையைக் கசக்கியது.

"சரி" என்றார். "சரி, சரி, சரி."

ஸ்ரீநிவாசன் முகம் மலர்ந்தது. "பாத்தியாம்மா? அப்பாவே பெருந்தன்மையா சொல்லிட்டார்."

ஷீலா அந்தப் போனைப் பிடுங்கினாள். அதில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினாள். அழித்தாள். திருப்பி அவர் மடியில் போட்டாள்.

"அவருக்கு வர்றது அந்த ஒரு வார்த்தைதான் சார். அவரை அறைஞ்சீங்கன்னாலும் சரின்னுதான் சொல்வாரு. இப்ப அவர் உங்களைத் திட்டுறாரு. தெரியலையா? கண்ணைப் பாத்தாத் தெரியலையா உங்களுக்கு?"

"மரியாதையாப் பேசும்மா. உன் வீட்டுக்கு வந்து சமாதானம் பேசறேன். ஃபைன் கட்டிட்டேன். சட்டப்படி என் பக்கம் ஒண்ணும் பாக்கி இல்ல."

"ஃபைனைக் கேட்டேனா? அன்னைக்கு நீங்க இலையை விட்டு எழுந்திருக்கலையே, அதுக்கு என்ன சொல்றீங்க? தப்பு என் மேலதான்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லுங்க."

"எல்லாரும்தான் அங்க நிறுத்தறாங்க. அங்க போர்டு இருந்ததா? கார்ப்பரேஷன்காரன் போர்டு வெச்சிருந்தா நான் ஏன் நிறுத்தப் போறேன்? வரி கட்டறோம்ல? சந்தை அகலமாப் போடணும்னு எவனுக்காவது தோணிச்சா?" அவர் எழுந்துவிட்டார். குரலும் எழுந்தது. "என்னைக் கேக்கறியே, உன் வீட்டுப் படி ரோட்டுல ரெண்டடி நீட்டிட்டு இருக்கே! அது யார் தப்பு? என் வண்டி இல்லாட்டியும் ஆம்புலன்ஸ் இந்த வாசல் வரைக்கும் வந்திருக்குமா?"

அவளுக்குச் சுரீரென்றது. உண்மைதான். மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது என்று அப்பாதான் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அந்தப் படியைக் கட்டினார். சந்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

"ஆமா" என்றாள். "அது எங்க தப்பு. நாளைக்கே இடிக்கிறேன். இப்ப நீங்க சொல்லுங்க."

ஸ்ரீநிவாசன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு, "உன்கிட்ட மனுஷன் பேச முடியாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவள் ஆப்பிள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய், அவர் கார் கூரை மேல் வைத்துவிட்டு வந்தாள்.

அன்று மாலையே அவர்கள் காலனி வாட்ஸப் குழுவில் அவர் எழுதினாராம்: குடும்பத்தாரை நேரில் சந்தித்தேன், பெரியவர் பெருந்தன்மையுடன் ஏற்றுக்கொண்டார், இனி யாரும் அந்த வீடியோவைப் பகிர வேண்டாம். கீழே முப்பது பேர் கைகூப்பியிருந்தார்களாம்.

மறுநாள் கொத்தனார் வந்து படியை உடைத்தார். ஞானசௌந்தரி வாசலில் நின்று பார்த்தாள்.

"ஏண்டி, உங்கப்பா கட்டினது. நீ ஒருத்தி இடிச்சா மட்டும் தெரு அகலமாயிடுமா?"

"ஆகாது அக்கா. உங்களுதையும் இடிச்சாத்தான் ஆகும்."

ஞானசௌந்தரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று அப்பாவின் தலையை மடியில் தாங்கியவள்தான். அதற்குப் பிறகு ஒரு மாதம் பேசவில்லை. சந்தில் வேறு ஒரு படியும் உடையவில்லை.

அடுத்த முகூர்த்த நாளில் ஷீலா அரை நாள் லீவு போட்டுவிட்டு, சந்து முனையில் போய் நின்றாள். ஏழரை மணியிலிருந்து ஆறு வண்டிகளைத் திருப்பி அனுப்பினாள். ஒருவர், "நீ யாரு, போலீஸா?" என்றார். ஒரு பெண் கண்ணாடியை இறக்கி, அஞ்சே நிமிஷம் என்று கெஞ்சினாள். கன்னியம்மா மட்டும் நடுவில் ஒரு முறை வந்து, தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, "வுடாத. எவன் வந்தாலும் வுடாத" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏழாவதாக ஒரு பெரிய கார். ஓட்டியவன் முப்பது வயதுக்காரன். பின்னால் மனைவி, குழந்தை. அவன் நேராக அவள் முழங்கால் வரைக்கும் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, ஹாரனை அமுக்கினான். அவள் நகரவில்லை. மறுபடியும் அமுக்கினான். பம்பர் அவள் சுடிதாரைத் தொட்டது. அவள் இரண்டு கையையும் பானட்டில் ஊன்றிக்கொண்டு, கண்ணாடி வழியாக அவனையே பார்த்தாள்.

"பைத்தியமா நீ? நகரு!" என்று தலையை நீட்டிக் கத்தினான்.

"பின்னால பார்க்கிங் இருக்கு. அங்க போங்க."

"அங்கேருந்து நடந்து வரணும்."

"நடங்க."

கெட்ட வார்த்தை சொல்லி, வண்டியைப் பின்னால் எடுத்தான். மண்டபத்துக்குப் பின்னால் கார் நிறுத்துவதற்கென்றே ஒரு மைதானம் உண்டு. வாட்ச்மேன் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அப்பா விழுந்த அன்றும் அது பாதி காலியாகத்தான் இருந்ததாம்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் குடும்பம் மைதானத்திலிருந்து நடந்து வருவது தெரிந்தது. மனைவி பட்டுப் புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்தபடி ஏதோ சொல்ல, அவன் சிரித்தான். குழந்தை முன்னால் குதித்துக்கொண்டு வந்தது. மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது. மண்டப வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, அவர்களை உள்ளே அழைத்துப் போனார்கள்.

ஷீலாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இவ்வளவுதானா? ஒரு மைதானத்திலிருந்து இத்தனை அடி நடக்கிறது, இவ்வளவுக்குத்தானா அப்பாவின் குரல் போயிற்று? அழுகை வந்தது. அழுதாள். துடைத்துக்கொள்ளவும் நேரமில்லை, ஏனென்றால் எட்டாவது வண்டி இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு சந்துப் பக்கம் திரும்பியது. அவள் கையை விரித்துக்கொண்டு அதன் முன்னால் போனாள்.