தலையாட்டினால் கேட்காது

தறிக்கூடத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவளுக்கு வாயால் பேசுவது மறந்துபோனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இருநூறு தறிகள் ஒன்றாக ஓடும் இடத்தில் கத்தினால் தொண்டைதான் போகும். அதனால் அங்கே எல்லோருக்கும் கைதான் வாய். விரலைச் சுழற்றினால் நூல் அறுந்தது; உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்தால் மேஸ்திரி தூங்குகிறார். இவள் அதில் கெட்டிக்காரி. பஞ்சுத் துகள் தலைக்கு மேல் மெல்ல மிதந்துகொண்டிருக்க, ஒரு வார்த்தை பேசாமல் அரைமணி நேரக் கதை சொல்லிவிடுவாள். சைகைக்காரி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஒருநாள் ஆலையை மூடினார்கள். கூட இருந்தவர்கள் தூரத்து ஊர் ஆலைக்கு மூட்டை கட்டினார்கள். சைகைக்காரிக்குப் போக மனசில்லை. புருஷன் போன பிறகு அவளுக்கு மிச்சமிருந்த சொந்தம் நாத்தனார் ஒருத்திதான். இரண்டு அறை வீட்டில் ஒரு தையல் மிஷினும் அவர்கள் இருவரும். பிரிந்தால் ஆளுக்கொரு தனிமரம்.

அப்போதுதான் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் ஆள் தேவை என்று தெரிந்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் பொத்தானை அழுத்தினால் அங்கே மணி அடிக்கும். எடுத்து, மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர்களோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. நேர்காணலும் போனில்தான், அவர்களுக்கு வேண்டியது குரல், முகம் இல்லை. ஏற்கெனவே வேறு இரண்டு கம்பெனிகள் போனில் கேட்டுவிட்டு வேண்டாம் என்றிருந்தன. இதுவும் கைவிட்டால் வெள்ளிக்கிழமை வண்டி ஏற வேண்டியதுதான்.

நாத்தனார் ஒத்திகை வைத்தாள். சமையலறையிலிருந்து போன் போட்டு, குரலைக் கனமாக்கிக்கொண்டு கேட்டாள்.

“உங்களுக்குப் பொறுமை உண்டா?”

பதில் இல்லை.

“அண்ணி, இருக்கீங்களா?”

அதற்கும் இல்லை. எட்டிப் பார்த்தால், அண்ணி போனைக் காதில் ஒட்டிவைத்துக்கொண்டு பலமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

“பூம்பூம் மாடு தோத்துது போங்க. நீங்க ஆட்டுறது எனக்கு எப்படிக் கேக்கும்?”

“ரெண்டு தடவை ஆட்டினேன்டி.”

“இருபது தடவை ஆட்டுங்க, கழுத்துதான் வலிக்கும். ‘ம்’ கொட்டுங்க அண்ணி. கதை கேக்கிற பிள்ளைங்க கொட்டுமே, அந்த ‘ம்’.”

மூன்று நாள் வீடு முழுக்க ‘ம்’. பாத்திரம் கழுவும்போது ‘ம்’, பொத்தான் தைக்கும்போது ‘ம்’. “இன்னிக்கு டீ நீங்கதானே போடுறீங்க?” என்று நடுவில் நாத்தனார் நைசாகக் கேட்க, அதற்கும் ‘ம்’ கொட்டிவிட்டு எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள், பாவம்.

நேர்காணல் நாளன்று எதிர்வீட்டில் சுவரைத் துளைக்கும் மிஷின் கிளம்பிவிட்டது. வீட்டில் சத்தம் புகாத இடம் ஒன்றுதான்: தைத்த துணிகளைத் தொங்கவிடும் பெரிய மர அலமாரி. சைகைக்காரி உள்ளே முக்காலி போட்டு உட்கார்ந்தாள். நாத்தனார் கதவைச் சாத்தினாள். எதிர்வீட்டுக்காரர்களிடம் அரைமணி நேரம் நிறுத்தச் சொல்லிக் கேட்கத் தெருவுக்கு இறங்கினாள்.

உள்ளே இதமான இருட்டு. யார் யாருக்கோ தைத்த சட்டைக் கைகள் அவள் தோளில் வந்து படிந்தன. தறிக்கூடத்துத் தோழிகள் எல்லோரும் சுற்றி நின்று, பேசு பேசு என்று கையசைப்பது போல இருந்தது. புதுத் துணியின் வாசனையில் கண் சொக்கியது. போன் ஒளிர்ந்தது.

பேசியவர் கம்பெனியின் மேற்பார்வையாளர் அம்மா. எத்தனை வயது, எங்கே வேலை பார்த்தீர்கள் என்றெல்லாம் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் தலை முதலில் ஆடியது, குரல் பின்னால் ஓடிவந்தது.

“சரி, நான் லிஃப்டுல மாட்டிக்கிட்டேன்னு வெச்சுக்குங்க. விளக்கு அணைஞ்சிடுச்சு. பயமா இருக்கு. பேசுங்க.”

கொஞ்சம் காற்று வரட்டும் என்று சைகைக்காரி கதவைத் தள்ளினாள். அசையவில்லை. தடவிப் பார்த்தாள். உள்பக்கம் பிடியே இல்லை. நெஞ்சு தறி மாதிரி அடித்தது. பிறகு எங்கிருந்தோ, சிக்கலில்லாத நூல் போல, வார்த்தை வந்தது.

“பயமாத்தாம்மா இருக்கும். முதல்ல கையை நீட்டிச் சுவரைத் தொடுங்க. இருட்டுல அது மேல வந்து விழுற மாதிரி இருக்கும். தொட்டுட்டா, அது பாட்டுக்கு நிக்குதுன்னு தெரிஞ்சிடும்.”

“ம்.” இந்தத் தடவை ‘ம்’ கொட்டியது மறுமுனை.

“கதவுக்கு அடியில வெளிச்சம் ஒரு கோடா தெரியும். அதையே பாத்துக்கிட்டிருங்க.”

“நீங்க நடுவுல வேற யார்கிட்டயாவது பேசப் போயிடுவீங்களா?”

இல்லை என்று தலையாட்டினாள். சட்டென்று நினைவு வந்தது.

“இப்ப தலையாட்டினேன். உங்களுக்குத் தெரியாதுல்ல, அதான் சொல்றேன். போகமாட்டேன். இருக்கேன்.”

அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“எத்தனை தடவை லிஃப்டுல மாட்டியிருக்கீங்க?”

“ஒரு தடவைகூட இல்லம்மா. இப்ப அலமாரியில மாட்டியிருக்கேன். சத்தத்துக்குப் பயந்து உள்ள வந்தேன், கதவு பூட்டிக்கிச்சு. நாத்தனார் தெருவுல இருக்கா.”

அந்த அம்மாவின் சிரிப்பு மெல்லக் கிளம்பி, அலமாரி முழுக்க நிறைந்தது.

“திங்கட்கிழமை வேலைக்கு வந்துடுங்க. அதுக்கு முன்னாடி வெளிய வரப் பாருங்க.”

“அப்ப வெச்சிடட்டுமாம்மா?”

“வெக்காதீங்க. உங்க நாத்தனார் வந்து திறக்கிற வரைக்கும் நான் இருக்கேன். சுவரைத் தொட்டுட்டீங்களா?”

சட்டைக் கைகளுக்கு நடுவே சைகைக்காரி தலையாட்டினாள். பிறகு, “ம்,” என்றாள்.