வேலப்பரின் களச்சொல்

கொட்டியாரக் குடாவின் நீலநீர் இளவெயிலில் மின்ன, மாவலியாறு கடல்புகும் கழிமுகத்தில் நாரையினம் இரைதேட, தோப்பூர்ப் பக்கத்தில் விளைந்த சில வயல்களும் அரிவு முடிந்து தாள்மட்டும் நின்ற பங்குனி முற்பகல் அது. திருக்கோணமலைக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயரும், ஆங்கிலேயரிடமிருந்து பிரஞ்சியரும் ஓராண்டுக்குள் மாறிமாறிப் பறித்துக்கொண்ட கொடுங்காலம். எவர் வென்றாலென்ன, பீரங்கி இழுக்க எருது கேட்டு வந்தவர்கள் உழவன் வாயிலுக்கே வந்தார்கள்.

வேலப்பரின் எருதுகளும் அவ்வாறே போயின. மகன் கதிராமன், தன்னையும் சுமைதூக்கப் பிடித்துவிடுவார்களென அஞ்சி வன்னிக்காட்டுக்கு ஓடி ஒளிந்தான். தந்தையோ நோயிற் படுத்தார். எஞ்சியவள் மகள் வள்ளியம்மை. பூட்ட எருதில்லாத வயலைத் தனியொருத்தியாய் மண்வெட்டியாற் கொத்தி, விதைத்து, களைபிடுங்கி, பன்றிக்குக் காவலிருந்து, ஊரே வயிறொட்டிக் கிடந்த ஆண்டிற் கதிர் விளைவித்தவள் அவளே.

"இந்த வயல் உனக்குத்தான் பிள்ளை. களத்தில ஊரறியச் சொல்லிப்போட்டுத்தான் கண்மூடுவன்" என்று வேலப்பர் அவளுக்கு உறுதி கூறியிருந்தார்.

வீட்டிற் சொன்ன சொல் அவ்வூரிற் செல்லாது. நிலமுடையவன் தன் இறுதி விருப்பத்தை, கதிர்ச்சூடு மிதித்து நெல் குவித்த களத்தில், ஊர்மூப்பர் கேட்க உரைத்தல் வேண்டும். அக்களத்திலோ பெண் கால்வைத்தல் ஆகாது. சேற்றில் இறங்கி உழைக்கும்போது ஆகிய கால், நெல் குவிந்தபின் ஆகாமற் போவது என்ன நேர்மை, படிப்போரே! எனக்கு விளங்கவில்லை.

அறுவடை முடிந்ததும் கதிராமன் தவறாமல் வந்து சேர்ந்தான். விடியலிலேயே தந்தையைப் போர்த்திக் கட்டிலோடு களத்துக்குக் கொண்டுபோனவனும் அவனே. வள்ளியம்மை வரம்புக்கு வெளியே நின்றாள். அவன் தந்தையின் வாயருகே செவிவைத்துக் கேட்பதும், நெற்குவியலின் மறுபுறம் அமர்ந்திருந்த மூப்பர்களை நோக்கி உரத்துச் சொல்வதுமாக இருந்தான்.

"அப்புவுக்குக் குரல் எழும்பேல்லை. வயல் முழுக்க எனக்காம். தங்கச்சிக்கு ஒரு பசுவாம்."

வள்ளியம்மை வரம்பைத் தாண்டினாள். "பொம்பிளை, அங்க நில்!" என்று தலைமூப்பர் அதட்டினார். அவள் நிற்கவில்லை. குவியலைச் சுற்றியோடிக் கட்டிலருகே விழுந்து, "அப்பு, உங்கட வாயால நீங்களே சொல்லுங்கோ" என்று தந்தையின் கையைப் பற்றினாள். அது எப்போதோ குளிர்ந்து விறைத்திருந்தது.

"மூப்பர் ஐயா, அப்பு செத்துக் கனநேரம். இவ்வளவு நேரமும் கதைச்சது ஆர்?"

மூப்பர்கள் எழுந்துவந்து தொட்டுப் பார்த்தார்கள். பிணத்தின் வாயிலிருந்து சொல்லெடுத்தவன் அருகே தலைகுனிந்து நின்றான். ஆயினும் அவர்கள் சினந்தது அவன்மீதன்று. பிணங்கிடந்த களத்தில் அவர்கள் கண்ணிற் பட்ட தீட்டு, உயிருள்ள பெண்ணின் காலடி ஒன்றே! ஆகாத இடத்திற் புகுந்தவள் சொல் எடுபடாது, வயல் மகனுக்கே என்று முடித்து, அவள் மிதித்த இடமெல்லாம் மஞ்சள்நீர் தெளிப்பித்தார்கள்.

கதிராமன் பசுவை ஓட்டிவந்து அவள் முன் நிறுத்தினான்.

"செத்தவர் தந்த பசு எனக்கு வேண்டாம் அண்ணை. நீங்களே வைச்சிருங்கோ" என்றாள் வள்ளியம்மை.

அவ்வாண்டு அம்மூப்பர்களின் வீடுகளில் உலையேறியது, அக்களத்தில் அவர்கள் பங்களந்துகொண்ட, அவள் கொத்திய மண்ணில் விளைந்த நெல்லே. அவள் சொல் செல்லாது என்ற வாய்களே அதை உண்டன.