ஒன்றரைக் கரண்டி வெண்ணெய்

என் கணவர் கப்பலில் சமையல்காரர். கல்யாணமாகிப் பதின்மூன்று வருடம் ஆகிறது. அதில் நாங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களை ஒன்றாகச் சேர்த்தால் மூன்று வருடமும் கொஞ்சமும் தேறும். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. வந்த முதல் மாதம் விருந்தாளி மாதிரி கதவைத் தட்டிவிட்டுத்தான் அறைக்குள் நுழைவார். இரண்டாம் மாதம் வீட்டு மனிதராகிவிடுவார். மூன்றாம் மாதம் பெட்டி கட்டத் தொடங்குவோம்.

இந்த முறை பெட்டிக்கு முன்னால் கம்பெனி டாக்டர் வந்து நின்றார். எடை நூற்று நான்கு கிலோ. கல்லீரலில் கொழுப்பு, ரத்தத்தில் சர்க்கரை.

"தொண்ணூத்திரண்டுக்குக் கீழ வந்தாத்தான் கப்பலுக்குக் கையெழுத்துப் போடுவேன். மூணு மாசம் டைம். இறைச்சியை மறந்துடுங்க. காய்கறி, பருப்பு, கீரை, அவ்வளவுதான்."

"மீனு?" என்று கேட்டார் இவர்.

"மீன் என்ன மரத்துலயா காய்க்குது?"

வீட்டுக்கு வந்ததும் சமையலைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆனால் அவர் இருபது வருடமாக இருபத்திரண்டு பேருக்குச் சமைக்கிறவர். அதற்குக் குறைந்த அளவு அவர் கைக்குத் தெரியாது. முதல் நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது, வீட்டிலிருந்த பெரிய பாத்திரங்கள் எல்லாம் அடுப்பைச் சுற்றி நின்றன. கடல் ஆடினால் சிந்தாமலிருக்க ஒவ்வொன்றிலும் பாதியளவுதான் இருந்தது. தட்டு வழுக்காமலிருக்க மேசை விரிப்பையும் தண்ணீர் தெளித்து நனைத்து வைத்திருந்தார்.

"அப்பா, காலிஃபிளவர் எத்தனை வாங்கினீங்க?" என்று கேட்டாள் மகள். வயது பன்னிரண்டு. அவளை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம்.

"ஒம்பது."

"நாம மூணு பேருப்பா."

"தெரியும். அதனாலதான் குறைச்சு வாங்கினேன்."

மிச்சத்தைக் கொட்ட அவர் விடவில்லை. கப்பலில் மிஞ்சியதைச் சமையல்காரன்தான் தின்று தீர்க்க வேண்டுமாம், அதுதான் அவனுக்கு மரியாதையாம். மூன்று நாள் தின்று தீர்த்தார். வாரக் கடைசியில் மருந்துக்கடை எடைமெஷின் நூற்றைந்து காட்டியது. காலிஃபிளவர் தின்று ஒரு கிலோ ஏறிய ஒரே மனிதர் உலகத்திலேயே நீங்கள்தான் என்று சொல்லி, அடுப்பை நான் வாங்கிக்கொண்டேன். அவருக்கு நறுக்குகிற வேலை மட்டும்.

அதன்பிறகு எடை இறங்கத் தொடங்கியது.

நான் படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் கண்ணாடி வெட்டுகிறவள். மாலையில் வீட்டுக்கு வந்து விரலைக் கழுவும்போது அவர் பக்கத்தில் நின்று கேரட் சீவிக்கொண்டிருப்பார். தோல் அறுபடாமல் ஒரே நாடாவாகச் சுருண்டு விழும். மூவருமாக நடக்கப் போவோம். தெருமுனையில் கோழி சுடும் கடை வந்ததும் அவர் நடை தளரும்.

"வாசனையால ஒண்ணும் குண்டாக மாட்டேன் இல்ல?"

"மூக்கு மட்டும் குண்டாகும்," என்பாள் வாலு.

அவளுடைய பிறந்தநாளன்று அவர் வீட்டில் இருந்தது அந்த வருடம்தான். மெழுகுவத்தியை அவள் ஊதவே இல்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். அது தானாக உருகிக் கேக்கில் வழிந்தது. வழிக்கிறேன் என்ற சாக்கில் அவர் ஒரு விரல் கிரீமைத் தின்றுவிட்டார். அவருடைய சட்டைகள் அலமாரியில் என் உடைகளோடு கலந்து கிடக்கப் பழகின. இந்த நாட்களை இவ்வளவு நாள் யார் தின்றார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஐந்தாவது வாரம் எடை தொண்ணூற்றெட்டு. பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு போனை எடுத்து என்னிடம் காட்டினார். நீல வரைபடத்தில் ஒரு சின்னப் புள்ளி.

"நம்ம கப்பல். இப்ப இங்க இருக்கு. எனக்குப் பதிலா வந்தவன் சூப்புல உப்பை அள்ளிக் கொட்டறானாம். பாவம் பசங்க."

அந்தப் புள்ளியை விரலால் பெரிதாக்கினார். எவ்வளவு பெரிதாக்கினாலும் அது புள்ளியாகவே இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு பெண்ணைப் பற்றி இப்படிப் பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மறுநாள் பருப்பு கொதிக்கும்போது அரைக் கரண்டி வெண்ணெய் போட்டேன். கை தவறி விழுந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். யோசித்துத்தான் போட்டேன். இன்னும் ஒரு மாதம் இருப்பார், அதன்பிறகு இன்னும் ஒன்று. அவ்வளவு தூரம்தான் யோசித்தேன். அரை ஒன்றாகி, ஒன்று ஒன்றரையாயிற்று. பூசணி சூப்பில் முந்திரியை அரைத்துக் கலந்தேன். கீரையில் பாலாடையை மசித்தேன்.

"கீரைக்கு இவ்வளவு ருசி உண்டா?" என்று கேட்டுத் தட்டை வழித்தார்.

தொண்ணூற்றெட்டில் நின்ற எடை பிறகு தொண்ணூற்றொன்பதானது. ஒவ்வொரு சனிக்கிழமையும் வாலு அதைக் காலண்டரில் எழுதினாள். "நீங்க காத்தைக் குடிச்சாலும் பெருக்கிறீங்கப்பா," என்றாள். அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். விடியற்காலையில் அவர் எழுந்து ஜன்னலருகே காலைக் கொஞ்சம் அகட்டி வைத்து நிற்பதைப் பார்ப்பேன். ஆடாத தரையில் ஆடுகிறவர்போல நிற்பார். போர்வையை இழுத்துக்கொண்டு தூங்குவதாகப் பாவனை செய்வேன்.

மூன்று மாதம் முடிந்தது. டாக்டர் காகிதங்களைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கல்லீரல் போன தடவையை விட மோசமா இருக்கு. இப்படியே போனா கப்பலை விடுங்க, அஞ்சு வருஷத்துல நீங்களே இருக்க மாட்டீங்க. அப்படி என்னதான் சாப்பிடறீங்க? வீட்டுல யாரு சமையல்?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சொல்லிவிட்டார்.

"வீட்டுல காய்கறிதான் டாக்டர், சுத்தமா சமைக்கிறா. நான்தான்... மத்தியானம் இவங்க ரெண்டு பேரும் வெளிய போனதும் வெண்ணெயை எடுத்துத் தின்னுடறேன். கை சும்மா இருக்க மாட்டேங்குது."

டாக்டர் அவரை ஒரு அடங்காத பள்ளிப்பிள்ளையைத் திட்டுவதுபோலத் திட்டினார். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். இன்னும் இரண்டு மாதம், அதுதான் கடைசி என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் எங்களைத் தவிர யாருமில்லை.

"எப்போ தெரியும்?" என்றேன்.

"முதல் நாளே. அரைக் கரண்டி. ஏம்மா, இருபது வருஷமா இந்த நாக்கை வச்சுத்தான் பொழைக்கிறேன். பருப்புல வெண்ணெய் தெரியாமலா போயிடும்? போன வாரம் ஒண்ணரை."

"தெரிஞ்சும் ஏன் சாப்பிட்டீங்க?"

பஸ் ஒன்று வந்து நின்றது. எங்களுடையதில்லை. அது போன பிறகு பேசினார்.

"காலைல எழுந்ததும் தரை ஆடலன்னா இன்னும் விடியலன்னு தோணுது எனக்கு. போகணும், அது உண்மை. ஆனா வாலு ஸ்கூல் விட்டு வந்து பையைத் தூக்கிப் போடற சத்தம் கேட்டா, எங்கயும் போக வேண்டாம்னு இருக்கு. போறேன்னு சொன்னா நீ அழுவ. இருக்கேன்னு சொன்னா நான் அழுவேன். அதான், முடிவை உன் கரண்டிகிட்ட விட்டுட்டேன்."

"என் கரண்டி உங்க கல்லீரலைத் தின்னுடுச்சே."

"ருசியாத்தான் இருந்துச்சு."

"வாயை மூடுங்க." எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. "நல்லா கேட்டுக்குங்க. நீங்க இங்கயே இருக்கணும்னுதான் போட்டேன். இப்ப அதெல்லாம் வேண்டாம். கடல்லயோ கரையிலயோ, எங்கயாவது இருங்க. இருந்தா போதும்."

அவர் என் கையைப் பிடித்தார். கண்ணாடி கீறிய விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினார். எங்கள் பஸ் வந்தது. அதை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினோம்.

அன்று மாலையே வெண்ணெய் டப்பாவைக் கீழ்வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டேன். அதன்பிறகு ஆவியில் வெந்த பீன்ஸும் உப்புக் குறைந்த பருப்பும்தான். பூசணி வெறும் பூசணியாகவே இருந்தது. நானும் அதையே தின்றேன். முதல் வாரம் அவர் வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி மென்றார். யாரோ ஒரு பழைய சிநேகிதனின் பெயரை நினைவுபடுத்திப் பார்க்கிறவர் மாதிரி இருந்தது. அவருக்கு மட்டுமில்லை, எனக்கும் ஏக்கம்தான். அந்த ஒன்றரைக் கரண்டி என் நாக்கிலும் பழகியிருந்தது.

தொண்ணூற்றேழு. தொண்ணூற்றைந்து. ஒவ்வொரு எண்ணும் அவருக்கு நல்லது, எனக்கு ஒரு வாரம் குறைவு. கடையில் முதலாளியம்மா என் இடுப்பைப் பார்த்துவிட்டு, "புருஷன் இளைக்கப் போய் நீயும் இளைச்சிட்டியே, ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆளாயிடுவீங்க போலிருக்கே!" என்றார். சிரித்துவிட்டுக் கண்ணாடியை வெட்டினேன். அன்று கோடு கொஞ்சம் கோணலாக விழுந்தது.

இரண்டு மாதம் முடிந்த நாள் வாலு பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு எங்களோடு வந்தாள். டாக்டர் முதலில் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். "நல்லா இருக்கு, கல்லீரல் பொழைச்சிடுச்சு," என்றார். எனக்கு மூச்சு அப்போதுதான் திரும்பியது. பிறகு எடைமெஷினைக் கை காட்டினார்.

அது முள் வைத்த பழைய மெஷின். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். முள் அப்படியும் இப்படியுமாக ஆடியது. வாலு என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு எந்த எண் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. முள் நின்றது. அவர் குனிந்து பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். நானே வாசித்தேன்.

"தொண்ணூத்தொண்ணரை."

"பிரமாதம்," என்று டாக்டர் பேனாவை எடுத்தார். "எப்போ கப்பல்?"

அவர் மெஷினிலிருந்து இறங்கவில்லை. முள் அசையாமல் நின்றது.

"இறங்குங்கப்பா," என்றாள் வாலு, மெதுவாக.

"இரு கண்ணு."

டாக்டரின் பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் கேட்டது. நான் குனிந்து, அவர் தாறுமாறாகக் கழற்றிப் போட்டிருந்த செருப்பை எடுத்தேன். இறங்கியதும் கால் நேராக நுழையும்படி, வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.