அறுந்த கம்பியும் நலிந்த கம்பியும்

1999-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு, வெங்கடலட்சுமி தன் கணினித் திரையில் ஆங்கிலத்தில் வந்திருந்த ஒரு வரியைப் படித்தாள். "இங்கே இந்தக் குறை தென்படவில்லை, ஆகவே மூடப்படுகிறது." இதே வரி இதற்கு முன் இரண்டு முறை வந்திருந்தது. இது மூன்றாவது.

கோவை கணபதியில் உள்ள ஒரு பம்புசெட்டுத் தொழிற்சாலையில் அவள் சோதனைப் பிரிவுத் தலைவி. பதினாறு ஆண்டுகளாக அவள் சரி என்ற மோட்டார்தான் வெளியே போயிற்று; கூடாது என்றதை மறுபடி பார்க்கும்படி முதலாளி அரங்கசாமி நாயுடுகூடச் சொன்னதில்லை. அப்படிப்பட்டவளின் சொல்லைத்தான், கடல் கடந்த ஊரில் முகந்தெரியாத கார்ல் என்பவன் மூன்று முறை தள்ளியிருந்தான்.

கார்ல், இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் ஓர் உலாவியை எழுதுவோரில் ஒருவன். அந்த உலாவியின் மூலநிரலை, எவரும் படிக்கலாம், எவரும் திருத்தலாம் என்று முந்தைய ஆண்டு திறந்துவிட்டிருந்தார்கள். அமெரிக்க அலுவலகத்தில் அமர்ந்து சம்பளத்துக்கு எழுதுவோர் நாற்பது பேர். சம்பளமின்றித் தத்தம் வீட்டிலிருந்து குறை கண்டு சொல்வோரும் திருத்துவோரும் பல நாடுகளில் சில நூறு பேர். வெங்கடலட்சுமி இரண்டாம் வகையைச் சேர்ந்தவள்.

"சம்பளம் வாங்கறவன் ஊட்டுக்குக் கெளம்பற நேரத்துல, வாங்காத நீ வேலைக்கு உக்காந்துக்கற," என்று அவள் கணவர் ஸ்ரீனிவாஸ் காப்பியை நீட்டினார். அவள் காப்பியை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

குறை சிறியதன்று. பக்கத்து வீட்டுக் கல்லூரி விரிவுரையாளர் சாஜிதா பேகம், ஆராய்ச்சி உதவித்தொகைக்கான விண்ணப்பத்தை இந்தக் கணினியில் ஒரு மணி நேரம் தட்டெழுதி அனுப்பியபோது, தொலைபேசி வழியே வரும் இணைய இணைப்பு தொய்ந்தது. திரை பாதி நிரம்பி நின்றது. முந்தைய பக்கத்துக்குத் திரும்பினால் கட்டங்கள் அனைத்தும் வெறுமையாக இருந்தன. சாஜிதா மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து தொடங்கினாள். வரும் வெள்ளிக்கிழமை உலாவியின் புதிய பதிப்பு வெளியாகவிருந்தது. அதற்குள் குறை உண்மையென்று ஒப்புக்கொள்ளப்படாவிட்டால், அது அப்படியே ஆயிரக்கணக்கானோர் கைக்குப் போய்விடும்.

கார்ல் சோம்பேறியல்லன். எழுதிக்கொண்டிருக்கும்போதே இணைப்புக் கம்பியைப் பிடுங்கிப் பார்த்ததாகவும், எழுதியவை அழியாமல் இருந்ததாகவும் பண்போடு விளக்கியிருந்தான். அவன் சொன்னது பொய்யன்று. அதுதான் அவளை உறுத்தியது.

அன்று முற்பகல் காங்கேயத்துக்குப் போகவேண்டிய மோட்டார் ஒன்று சோதனை மேடையில் ஓடிக்கொண்டிருந்தது. மின்னழுத்தத்தைக் குறைக்கும் வேரியாக் கருவியை அவள் உதவியாளர் மாசாணம் சிறிது சிறிதாகத் திருப்பினார். நானூற்றுப் பதினைந்து வோல்ட்டில் எந்த மோட்டாரும் ஓடும். தோட்டத்தில் கிடைக்கும் முந்நூறில் ஓடுகிறதா என்பதே அவர்கள் சோதனை. கார்லின் கதையை அவள் சொல்லக் கேட்ட மாசாணம், கருவியிலிருந்து கண்ணெடுக்காமல் சிரித்தார்.

"அவன் ஊர்ல கரண்டு இருக்கும், இல்லீன்னா இருக்காதுங்கம்மா. நடுவால நின்னு இழுத்துக்கற கரண்ட்ட அவன் எங்கீங்க பாத்தான்?"

வெங்கடலட்சுமி குறிப்பேட்டை மூடிவிட்டு அப்படியே நின்றாள். மின்சாரம் அறவே நின்றால் மோட்டாருக்குத் தீங்கில்லை. குறைந்து வந்தால்தான் சுருள் கருகும். கார்ல் சோதித்தது அறுந்த கம்பியை. அவள் வீட்டில் இருப்பதோ நலிந்த கம்பி. நல்ல இணைப்புள்ள அந்த நாற்பது பேரிடமும் இல்லாத சோதனை மேடை அவளிடம் இருந்தது. அதை அவர்களுக்கு அனுப்பிவைக்க வேண்டியதுதான் பாக்கி.

புதன், வியாழன் இரண்டு விடியற்காலைகளில் ஒரு சிறு நிரலை எழுதி முடித்தாள். உலாவிக்கும் இணையத்துக்கும் நடுவே அமர்ந்து, வரும் தரவைச் சொட்டுச் சொட்டாக விடுவதும், இடையில் இழுத்துப் பிடிப்பதும் அதன் வேலை. "இதை ஓட்டிவிட்டு, உலாவியில் நீளமான மடல் ஒன்றை எழுதி அனுப்பிப் பாருங்கள்," என்று மட்டும் எழுதி இணைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பதில் வந்திருந்தது. "என் மடல் முழுவதும் அழிந்துபோயிற்று. குறை உண்மை. மூன்று முறை மூடியது என் பிழை. திருத்திக்கொண்டிருக்கிறோம். உங்கள் நிரலை இனி எல்லாத் திருத்தங்களுக்கும் ஓட்டுவோம்."

அவள் அதைக் கணவரிடம் உரக்கப் படித்துக் காட்டினாள். அவளுடைய வழக்கம் அதுவன்று.

சனிக்கிழமை காலை திருத்திய உலாவி வந்தது. திருத்தியவனே சரியென்று குறிக்கக் கூடாது, குறை சொன்னவர் பார்த்துக் குறித்த பிறகே வெளியிடுவது என்பது அவர்கள் விதி. அங்கே வெள்ளிக்கிழமை மாலை. பத்துப் பேர் அலுவலகத்தில் காத்திருப்பதாகக் கார்ல் எழுதியிருந்தான். அந்த உலாவியை இறக்கிக்கொள்ளவே ஒன்றரை மணி நேரமாயிற்று. மோட்டாருக்குச் செய்வதுபோல் பன்னிரண்டு முறை சோதிக்கத் தொடங்கினாள். எட்டு முறை எழுத்து அழியவில்லை. ஒன்பதாம் முறை, பதிலின் கடைசித் துணுக்கில் இணைப்பு தொய்ந்தபோது, கட்டங்கள் மறுபடி வெறுமையாயின.

"எட்டுத் தடவ சரியா வந்துதல்ல? குறிச்சுப்போடேன். பாவம், பட்டினியா உக்காந்திருப்பாங்க," என்றார் ஸ்ரீனிவாஸ்.

"எட்டுப் பேருக்கு ஓடிப்போட்டு, ஒம்பதாவது ஆளுக்குக் கருகற மோட்டார நான் அனுப்பறதில்லீங்க."

உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினாள். நாற்பது நிமிடத்தில், மாற்றிய துண்டு மட்டும் வந்தது. ஒன்பதிலிருந்து தொடராமல் ஒன்றிலிருந்து தொடங்கினாள். பன்னிரண்டும் முடிந்து அவள் சரியென்று குறித்தபோது மணி பத்தேகால். அடுத்த சில நிமிடங்களில் புதிய பதிப்பு உலகுக்கு வெளியாயிற்று.

அவள் தொழிற்சாலையை அடைந்தபோது, லாரியோடு வந்திருந்த கோபிசெட்டிபாளையத்து வியாபாரி ஒருவர் அரங்கசாமி நாயுடுவின் அறையில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய இருபது மோட்டார்களும் அவள் சோதனைக்காகக் காத்துக் கிடந்தன.

"ஏனுங்க அம்மணி, இத்தன நேரம்?" என்றார் நாயுடு.

"அமெரிக்காவுல ஒரு பிரவுசர் வெளியிடறதுக்குப் பத்துப் பேரு நான் பாத்துச் சொல்லோணும்னு உக்காந்திருந்தாங்க. பாத்துச் சொல்லிப்போட்டு வாரேனுங்க."

நாயுடு அவளை ஒரு கணம் நோக்கினார். பிறகு வியாபாரியின் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களா? அவிகளே நின்னாங்களாமுங்க. உங்க லோடும் கொஞ்சம் நிக்கட்டுமுங்க."

வியாபாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.