ஒரு சைஸ் பெரிய மூட்டு

மூட்டு வாங்கும்போது நீங்கள் அளவாக வாங்குவீர்களா, ஒரு சைஸ் கூட வைத்து வாங்குவீர்களா?

எங்கள் ஊரில் மூட்டில் தேய்ந்த பாதியை மட்டும் மாற்றுவதென்றால், புதுப் பாதிகளை ஆஸ்பத்திரியிலிருந்து முதலில் வீட்டுக்கு அனுப்பிவைப்பார்கள். மூட்டின் பழைய பாதிக்குப் பிடித்தால்தான் ஆபரேஷன்.

என் வீட்டுக்காரரின் அக்கா குருவம்மாள் மதினிக்கு வலது கால். டவுன் பஸ்ஸின் முதல் படிக்கு அது எழும்பவில்லை. மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, இன்னும் முகம் பார்க்கவில்லை. மகள் ஊருக்குப் போவதோ அந்த ஒரே பஸ்தான்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே இரண்டு, மூன்று, நாலு என்று மூன்று சைஸில் பாதிகள் வந்து இறங்கின. குளித்துவிட்டு வந்த மாதிரி அப்படி ஒரு பளபளப்பு! பாய் விரித்துக் காபி கொடுத்தேன். இரண்டாம் நம்பர் உட்கார்ந்ததும் பாய்க்குள் புதைந்துபோனது. மூன்றாம் நம்பர் கச்சிதமாக உட்கார்ந்தது. நாலாம் நம்பர் பாயைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆனால் நல்ல சிரித்த முகம்.

கூட வந்த டாக்டர் மூன்றைக் காட்டினார். எலும்பின் ஓரத்தோடு சரியாக நிற்குமாம். எனக்கு மனசு கேட்கவில்லை. மகனுக்குச் செருப்பு, யூனிபார்ம் எல்லாமே ஒரு சைஸ் கூடத்தான் எடுக்கிறேன்.

"நாலையே வைங்க டாக்டர். இன்னைக்குச் சரியா இருந்தா அடுத்த வருசம் பத்தாமப் போயிரும்."

"அப்போ அவங்கதான் வளரணும்" என்றார்.

"வளந்துட்டாப் போச்சு" என்றார் மதினி. "எனக்குப் பஸ்ஸுல ஏறணும், அம்புட்டுதான்."

பழைய பாதி சடக்கென்று ஒரு சத்தம் கொடுத்தது. நாலுக்குச் சம்மதம். உடனே கேசரி கிண்டினேன்.

ஆபரேஷன் முடிந்து தையல் பிரிப்பதற்குள் மூட்டுக்குத் தகுந்தபடி கால் நீண்டது, காலுக்குத் தகுந்தபடி மதினி. சேலை பத்தவில்லை. இரண்டை ஒட்டுப்போட்டுத் தைத்துக் கொடுத்தேன். அதுவும் நாலு நாளில் பத்தவில்லை.

இன்று பஸ் வந்தது. மதினி தலையைக் குனிந்து, வலது காலைத் தூக்கிப் படியில் வைத்தார். ஏறிவிட்டார். என் இளைய கைப்பிள்ளையோடு பின்னால் ஏறிய நான் விசிலடித்தேன். கண்டக்டர் பின்சீட்டு முழுவதையும் அவருக்கு ஒதுக்கினார். பஸ் முன்பக்கம் லேசாகத் தூக்கியபடி சந்தோஷமாகப் போனது.

பாதி வழியில், பாலத்துக்கு மேல் ஆற்றுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் என்ஜினை நிறுத்தினார். கண்டக்டர் மதினியிடம் வந்தார்.

"அக்கா, கொஞ்சம் இறங்கி, பஸ்ஸை இடுப்புல வச்சு அக்கரையில விட்டுருங்க. குலுக்காமப் போங்க, உள்ள பிள்ளைக தூங்குது."