நாக்கு இருக்கும்போதே

"வெத்தல போடுவியா?"

சந்திரிகாவுக்கு நாக்கில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு, டத்தோ கிராமாட்டில் இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் பாக்கி இல்லை. லிஃப்டில் கேட்டார்கள், பாசாரில் மீன் வெட்டிக்கொண்டே கேட்டார்கள், கோயிலில் பொங்கல் வாங்கும் வரிசையில் நின்றுகூடக் கேட்டார்கள். இல்லை என்றால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். சிகரெட்டா? அதுவும் இல்லையென்றால் குரல் இறங்கும். "தண்ணி கிண்ணி...?" மூன்றும் இல்லை என்று சொன்னதும் அவர்கள் முகத்தில் ஓர் ஏமாற்றம் தெரியும். அதைப் பார்த்தால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். நோய் வந்தவள் ஏதாவது தப்புச் செய்திருந்தால்தான் மற்றவர்களுக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும் போலிருக்கிறது.

நாத்தனார் லோகேஸ்வரி இன்னும் ஒரு படி மேலே போனாள். மைலோ டின்னும் ஆரஞ்சுப் பழமுமாக வந்து சோபாவில் உட்கார்ந்து, "உண்மையச் சொல்லுங்க அண்ணி. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

"என்னத்தச் சொல்லணும்?"

"இல்ல, ஃபேக்டரில பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து, விளையாட்டுக்கு ஏதாச்சும்..."

"ஆமா லோகேஸ். டெய்லி டீ டைம்ல எல்லாரும் வரிசையா உக்காந்து சுருட்டு பிடிப்போம். போதுமா?"

லோகேஸ்வரி மைலோ டின்னைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகாததுதான் மிச்சம். சந்திரிகாவின் கணவன் சுகுமாரன் சமையலறையிலிருந்து வெளியே வரவே இல்லை. துறைமுகத்தில் கொண்டெய்னர் லோரி ஓட்டுகிறவன், எவ்வளவு பெரிய வண்டியையும் ஒற்றைக் கையால் திருப்புவான், ஆனால் கல்யாணமான நாளிலிருந்து மனைவியின் வாய்க்குப் பயந்தவன். இப்போது அந்த வாயை நினைத்தே பயந்துகொண்டிருந்தான்.

வியாழக்கிழமை ஆபரேஷன். டாக்டர் பிரமிளா எதையும் மறைக்கவில்லை.

"நாக்குல இடது பக்கம் பாதிக்கிட்ட எடுக்கணும் ஆன்ட்டி. கையிலருந்து சதை எடுத்து வச்சுத் தைப்போம். பேச்சு வரும். ஆனா பழைய மாதிரி தெளிவா இருக்காது. பழக்கணும்."

சந்திரிகாவிடமா இதைச் சொல்வது! ஒருத்தனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கணுமா, கூப்பிடு சந்திரிகாவை என்பார்கள் வேலையிடத்தில். கேண்டீனில் ஊசிப்போன குழம்பு போட்டவனை அவள் கேட்டிருக்கிறாள். காய்ச்சலுக்கு எம்.சி. லீவு எடுத்த பெண்ணைச் சோம்பேறி என்ற கிளார்க்கைக் கேட்டிருக்கிறாள். அவர்கள் யாரும் நிஜமாகவே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. கடைசியில் அவளுடைய நாக்குக்குத்தான் தேதி குறித்திருக்கிறார்கள்.

அன்றைக்கு டாக்டரும் வெற்றிலை, சிகரெட், சாராயம் என்று வரிசையாகக் கேட்டார். பிறகு வேறு யாருமே கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"என்ன வேலை செய்றீங்க ஆன்ட்டி?"

சந்திரிகா சொன்னாள். பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலை. சின்னச் சின்ன உலோகச் சாமான்களுக்கு முலாம் பூசுகிற அறை. கொக்கியில் மாட்டி அமிலத் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். தொட்டியிலிருந்து எந்நேரமும் ஆவி எழும்பும். இருபது வருஷத்துக்குக் கிட்ட அந்தத் தொட்டியடியிலேயே நிற்கிறாள்.

"அந்த ஆவி வாய்க்குள்ள போகுமா?"

"போகாம? மாஸ்க் போட்டாலும் இரும்பச் சப்புன மாதிரியேதான் இருக்கும். பல்லு கூசும். அதுக்குத்தான் கம்பெனில அசாம்போய் வச்சிருக்காங்களே. ஃப்ரீ." உப்பும் இனிப்புமாக ஊறிக் காய்ந்த அந்தப் புளிப்புப் பழத்தைப் பற்றிச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "கம்பெனியே குடுக்குதா?"

"ஜாடி ஜாடியா."

"அப்போ மாஸ்க்க இறக்கிட்டுத்தான் வாயில போடுவீங்க?"

"பின்ன? மாஸ்க்குக்கு மேலயா போட முடியும்?"

டாக்டர் சிரிக்கவில்லை. "இதுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாது ஆன்ட்டி. ஒரு பழக்கமும் இல்லாதவங்களுக்கும் இது வருது. நெறைய பேருக்கு ஏன் வந்துச்சுன்னே தெரியாது. அமில ஆவியாலயும் இருக்கலாமான்னு ஆராய்ச்சி பண்றாங்க. இருக்கலாம். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும். ஆனா அந்த ஆவிய யாரும் இழுக்கக் கூடாது. அதுல சந்தேகமே இல்ல."

அந்த 'இருக்கலாம்' என்ற ஒற்றை வார்த்தையோடு சந்திரிகா வீடு வந்து சேர்ந்தாள். வெற்றிலை என்றால் ஊரில் எவனும் 'இருக்கலாம்' என்று இழுப்பதில்லை, நேராகத் தீர்ப்புதான். கம்பெனி என்று வந்தால் மட்டும் டாக்டருக்குக்கூட வார்த்தையை அளந்து பேச வேண்டியிருக்கிறது.

இரவுச் சோற்றுக்கு அரிசி களையும்போதுதான் அவளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. முலாம் அறையில் ஆவியை இழுத்து வெளியே தள்ளுகிற பெரிய காத்தாடி நின்றுபோன புதிது. வாயில் இரும்பு வாடை தாங்கவில்லை என்று பெண்கள் எல்லாரும் சூப்பர்வைசர் சுப்பையாவிடம் முறையிட்டார்கள். நல்ல மனுஷன். "இருங்கம்மா, காத்தாடிய ரிப்பேர் பண்ணச் சொல்லிட்டு வர்றேன்" என்று ஆபீசுக்குப் போனார். போனவர் ஒரு பெரிய கண்ணாடி ஜாடியோடு திரும்பி வந்தார். உள்ளே முட்ட முட்ட அசாம்போய்.

காத்தாடி கேட்கப் போனவர் புளிப்புப் பழத்தோடு வந்து நிற்கிறார், பெண்கள் எல்லாரும் கை தட்டினார்கள். கம்பெனிக்கு நம்மேல் எவ்வளவு அக்கறை பார் என்று பேசிக்கொண்டார்கள். அதிகச் சத்தமாகக் கை தட்டியது சந்திரிகாதான். அதன்பிறகு ஜாடி ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. காத்தாடியைப் பற்றி ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. வாயில்தான் அசாம்போய் இருக்கிறதே!

அரிசிச் சட்டியை அவள் வைத்த வேகத்தில் தண்ணீர் சுவர்வரைக்கும் தெறித்தது. ஊரைத் திட்டினாள், கம்பெனியைத் திட்டினாள், கை தட்டிய தன் கைகளையும் சேர்த்துத் திட்டினாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கம்பெனியில் அவளை வழியனுப்ப ஒரு டீ பார்ட்டி வைத்திருந்தார்கள். சுகுமாரனுக்கு அவளை அனுப்ப மனமில்லை.

"வீட்ல ரெஸ்ட் எடுலா. இந்த நேரத்துல சண்டைக்கா போற?"

"சண்டைக்குத்தான். வியாழக்கிழமைக்கு அப்புறம் நான் பேசுனா உங்களுக்கே பாதிதான் புரியும். கேக்க வேண்டியத நாக்கு இருக்கும்போதே கேட்டுடணும்."

"கேட்டு என்ன ஆகப் போகுது?"

"என் தொட்டில இப்ப ஷாஹிரா நிக்கிறா. நேத்து போன்ல என்ன சொன்னா தெரியுமா? 'அக்கா, நாக்கு நுனி எரியுது, அசாம்போய் ஜாஸ்தி தின்னுட்டேன் போல'ன்னு சிரிக்கிறா. போன ஹரிராயாப் பெருநாளுக்குத்தான் கல்யாணம் ஆச்சு அந்தப் பொண்ணுக்கு. நானும் இப்படித்தான் சிரிச்சேன்."

சுகுமாரன் காடிச் சாவியை எடுத்துக்கொண்டு காரைக் கிளப்பப் போனான்.

கேண்டீனில் பலூன் கட்டியிருந்தார்கள். கேக், கறிப்பாப் பலகாரம், சிவப்பு நிறத்தில் சிராப் தண்ணீர். சுவரில் புதிதாக ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது: புகை, வெற்றிலை, மது தவிர்ப்போம், வாய்ப் புற்றைத் தடுப்போம் என்று நான்கு மொழியிலும் இருந்தது. கீழே ஓர் அழுகிய வாயின் படம். சந்திரிகா அதை முழுசாகப் படித்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மேனேஜர் தனேஷ் சின்ன வயசு, நல்ல சட்டை, நல்ல பேச்சு. மலாயிலும் இங்கிலீஷிலும் மாறி மாறிப் பேசினான். சந்திரிகா அக்கா நம் குடும்பத்தில் ஒருவர் என்றான். எல்லாரும் நல்ல பழக்கவழக்கங்களோடு உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அக்காவுக்கு வந்தது நமக்கெல்லாம் ஒரு பாடம் என்றான். பிறகு பளபளக்கும் தாள் சுற்றிய ஹேம்பர் கூடையைத் தூக்கி அவள் மடியில் வைத்தான்.

பிஸ்கட், பார்லி, தேன். நடுநாயகமாக ஒரு ஜாடி அசாம்போய்.

"உங்களுக்குப் பிடிக்கும்னு சுப்பையா அண்ணன் சொன்னாரு" என்று தனேஷ் சிரித்தான்.

சந்திரிகா தாளைக் கிழித்தாள். ஜாடியை எடுத்துக் கேக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். நாக்கில் புண் சுருக்கென்றது, பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ஒரே ஒரு கேள்வி கேக்கணும் தம்பி. இத எதுக்கு எங்களுக்குக் குடுக்குறீங்க?"

"அது... வெல்ஃபேர்தானே அக்கா. உங்க நல்லதுக்கு..."

"ஆபீஸ்ல இருக்குறவங்களுக்கு ஏன் குடுக்கல? பேக்கிங் செக்ஷனுக்கு ஏன் குடுக்கல? எங்க ரூமுக்கு மட்டும் ஏன்?"

"செக் பண்ணி ரிப்போர்ட் எல்லாம் இருக்குக்கா. எல்லாம் லிமிட்டுக்குள்ளதான் இருக்கு."

"லிமிட்டுக்குள்ள இருந்தா எங்க வாயில ஏன் இரும்பு ருசி? அந்த ருசியே இல்லன்னா அசாம்போய் எதுக்கு? ருசி இருக்குன்னு தெரிஞ்சுதானே வாங்கிக் குடுத்தீங்க? தெரிஞ்சா காத்தாடி எங்க தம்பி?"

அதையே மலாயிலும் ஒரு தடவை கேட்டாள். பின் வரிசையில் இருந்த மலாய்ப் பெண்களும் நேபாளத்துப் பெண்களும் கறிப்பாப்பைக் கீழே வைத்தார்கள்.

"இதனாலதான் வந்துச்சுன்னு டாக்டர் சொன்னாங்களா?" தனேஷின் குரல் கொஞ்சம் கடுத்தது.

"இருக்கலாம்னு சொன்னாங்க. நீங்க செவுத்துல ஒட்டியிருக்கீங்களே, நான் வெத்தல போட்டேன்னு, அத எந்த டாக்டர் சொன்னாரு? ஒரு நாள் என் வாய் செவந்து பாத்திருக்கீங்களா? என் நோய வச்சு மத்தவங்களுக்குப் பாடம் நடத்துறீங்களே, உங்களுக்கு யாரு நடத்துறது?"

முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஷாஹிராவின் ஒரு கன்னம் உப்பியிருந்தது. அவள் எழுந்து வந்து, வாயிலிருந்த அசாம்போயை எடுத்துத் தனேஷுக்கு முன்னால் இருந்த கேக் தட்டில் வைத்தாள்.

"காத்தாடி சுத்துனாத்தான் நான் உள்ள போவேன் சார்."

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள். பிறகு ஒரு மலாய்க்காரம்மா, பிறகு இரண்டு நேபாளத்துப் பெண்கள். வாயில் பழம் இருந்தவர்கள் அதைத் தட்டில் வைத்தார்கள், இல்லாதவர்கள் கழுத்தில் தொங்கிய மாஸ்க்கைக் கழற்றி வைத்தார்கள். தனேஷ் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று யாரிடமோ கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது. ஒருத்தியும் முலாம் அறைப் பக்கம் திரும்பவில்லை.

சந்திரிகா கிளம்பினாள். கதவோரம் நின்றிருந்த சுகுமாரன் வந்து தோளைப் பிடித்துக்கொண்டான். வாசலுக்குப் போகிற வழியில் சுப்பையா நின்றுகொண்டிருந்தார். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அன்னைக்கே அந்த ஜாடிய ஆபீஸ்ல போட்டு ஒடச்சிட்டு வந்திருக்கணும்மா நான். நீ கேட்ட கேள்விக்கு எனக்கு நாக்கப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு."

"அவசரப்படாதீங்கண்ணே" என்றாள் சந்திரிகா. "வியாழக்கிழமை எனக்குப் பிடுங்குறாங்க. எப்படி இருந்துச்சுன்னு வந்து சொல்றேன். புரிஞ்சாக் கேட்டுக்குங்க."