பதினேழுக்குக் குரல் கொடுத்தவள்

பெரியக்காவின் முழங்கால்கள் இரண்டும் கைவிரித்துவிட்டன. சபையின் வாலிபர் கூட்டத்தை இருபத்தாறு வருஷம் கட்டி மேய்த்தவளுக்கு இதுகூட நடக்காவிட்டால்தான் அதிசயம். இதற்குள் போதகர்கள் ஐந்து பேர் வந்து போய்விட்டார்கள். அவள் மட்டும் கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று ஆலயத்துக் கூடமே கதியாகக் கிடந்தாள். அடுத்த வாரம் வேறு ஊரில் இருக்கும் தம்பி வீட்டோடு போய்விடப் போகிறாள். ஞாயிறு ஆராதனை முடிந்து, மத்தியானம் மூன்று மணிக்கு, பழைய பிள்ளைகள் எல்லாம் கூடி அவளை வழியனுப்ப வந்திருந்தார்கள்.

பிள்ளைகளாம், பிள்ளைகள்! ஒட்டடைக்குச்சி என்று ஊரே கூப்பிட்டவனின் தொப்பை இப்போது சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. காதல் தோல்வி என்று கூடத்துப் பழைய பியானோவுக்குப் பின்னால் ஒளிந்து அழுதவன் இன்று மூன்று பெண்களுக்கு அப்பன். அன்று அவனுக்காக ஜெபமும் பண்ணி, இரண்டு பிஸ்கட்டும் கொடுத்து, நாலு திட்டும் திட்டி அனுப்பியவள் பெரியக்காதான். சுவர் அலமாரியில் தந்தி அறுந்த கிதாரும், நாடகத்தில் மேய்ப்பர்கள் போர்த்திய போர்வைகளும் அப்படியே கிடந்தன. இதையெல்லாம் பார்த்து மனசு குளிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டியவள்தான். ஆனால் அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் தையல்காரம்மா உட்கார்ந்திருந்தாள்.

இந்த அம்மாவிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பதினைந்து வருஷமாகச் சொல்ல வேண்டும். இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனி எந்த ஜென்மத்தில்?

விஷயம் இதுதான். பெரியக்கா எங்கே கூட்டிப்போனாலும், வண்டி கிளம்பும் முன் எண்ணிக்கை நடக்கும். சேரும்போது கொடுத்த எண்ணை ஒவ்வொருவரும் வரிசையாகக் கத்திச் சொல்ல வேண்டும். ஒன்று விட்டாலும் வண்டி நகராது. தையல்காரம்மாவின் ஒரே மகளுக்குப் பதினேழாம் எண். உதடு அசையும், சத்தம் வராது, அப்படி ஒரு பெண். "காத்துதான் வருது" என்று பையன்கள் கிண்டலடித்து, கடைசியில் காத்து என்பதே அவள் பெயராகிவிட்டது.

"ஏண்டி, தொண்டைய வீட்லயே வச்சிட்டு வந்துட்டியா? சத்தமா சொல்லுடி!" என்று பெரியக்கா தொடக்கத்தில் அதட்டிப் பார்த்தாள். பிறகு பொறுமை போய்விட்டது. பதினாறு வந்ததும், காத்து வாயைத் திறக்கும் முன்பே, "பதினேழு!" என்று தானே போட்டுவிடுவாள். நாளடைவில் அது வாய்ப்பழக்கமாகிவிட்டது. ஒரே ஒரு தடவை அந்தப் பெண் கிட்டே வந்து, காதோடு, "நான் சொல்லிட்டுதான்க்கா இருந்தேன். அதுக்குள்ள நீங்க சொல்லிட்டீங்க" என்றாள். "ஆமா, நீ சொல்லி முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிடும்" என்று பெரியக்கா சிரித்துவிட்டு மறந்துபோனாள்.

பதினைந்து வருஷத்துக்கு முன்பு முகாம் ஓர் ஏரிக்கரை விடுதியில் நடந்தது. கிளம்பும் நேரத்தில் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. ஓட்டுநர் ஹாரனை விடாமல் அடித்து உயிரை வாங்கினார். பெரியக்கா முன்படியில் நின்று நனைந்த பைகளை உள்ளே இழுத்துக்கொண்டே, திரும்பிப் பாராமல் எண்ணிக்கை எடுத்தாள். பதினாறு வந்தது. வாய் தானாகப் பதினேழு என்றது. முப்பத்திரண்டும் சரி, போகலாம்.

ஆலய வாசலில் இறங்கியவர்கள் முப்பத்தொரு பேர். தையல்காரம்மா குடையோடு நின்று கடைசி ஆள் வரைக்கும் பார்த்தாள். ஓட்டுநர் இறங்கி, கதவைச் சாத்திய பிறகும் அங்கேயே நின்றாள். மறுநாள் காலை ஏரிப் படிக்கட்டின் அடியில் காத்தின் உடலைக் கண்டெடுத்தார்கள். அவள் வழுக்கி விழுந்தது வண்டி கிளம்பும் முன்னா, பின்னா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"எண்ணும்போது அந்தப் பொண்ணு பதில் சொல்லிச்சா?" என்று விசாரிக்க வந்த அதிகாரி கேட்டார்.

"சொன்னா" என்றாள் பெரியக்கா.

ஒரு சொல். அவ்வளவுதான் அவள் சொன்ன பொய். மீதியைச் சபை பார்த்துக்கொண்டது. பிள்ளை முன்பே கர்த்தரிடம் போய்விட்டாள், விடைபெற்றுக்கொள்ள அவள் குரல் மட்டும் வண்டிக்கு வந்தது என்று போதகர் பிரசங்கத்தில் சொன்னார். ஓட்டுநரோ, "இது காத்து கருப்பு வேலை சார்" என்று அடுத்த முகாமுக்கு வண்டி எடுக்க மறுத்துவிட்டார். சந்தேகப்பட்ட பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். ஆனால் பெரியக்காவின் முகத்துக்கு நேராகக் கேட்க யாருக்கு வாய் வரும்? பதினேழாம் எண்ணை அதற்குப் பிறகு எவருக்கும் கொடுக்கவில்லை. பதினாறு முடிந்து ஒரு மூச்சு விட்டுப் பதினெட்டு சொல்ல, புதிதாக வந்த பிள்ளைகளும் பழகிக்கொண்டார்கள்.

வருஷா வருஷம் அந்தத் தேதியில் தையல்காரம்மா பெரியக்காவின் வீட்டுக்கு வருவாள். வயதில் மூத்தவள்தான், இருந்தும் ஊரோடு சேர்ந்து அவளும் அக்கா என்றே கூப்பிடுவாள். ஒரே கேள்விதான் கேட்பாள்.

"எப்படிச் சொன்னாக்கா?"

"தெளிவா சொன்னாம்மா."

"சத்தமாவா?"

"நல்ல சத்தமா."

அதைக் கேட்டுக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விடுவாள். அந்த ஒரு பதிலை வைத்துத்தான் அடுத்த வருஷம் வரை அவள் தைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது பெரியக்காவுக்குத் தெரியும். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொள்வாள். ஆனால் வாய் வராது.

இன்றும் அப்படித்தான் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கேக்கில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். அணைந்துவிடும் என்று மின்விசிறியை நிறுத்தி, ஜன்னல்களையும் சாத்தினார்கள். ஒட்டடைக்குச்சி எழுந்து கையைத் தட்டினான்.

"அக்கா, கேக் வெட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு எண்ணிக்கை! அந்த முகாம் வருஷத்து ஆளுங்க எல்லாரும் வந்திருக்கோம்க்கா."

"போடா, வேலையத்தவனே. உக்காரு" என்றாள் பெரியக்கா.

"எண்ணட்டும்க்கா" என்றாள் தையல்காரம்மா. "நான் ஒரு தடவகூட கேட்டதே இல்லியே."

அந்த அம்மா கேட்ட பிறகு மறுக்க முடியுமா? இந்தத் தடவை வாயைத் திறக்கவே கூடாது, எண்ணி முடித்த கையோடு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பெரியக்கா முடிவு கட்டினாள். உதடுகளைப் பல்லால் கடித்துக்கொண்டாள். தையல்காரம்மா கூடத்தைப் பார்க்கவில்லை, திரும்பி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு!" என்று ஒட்டடைக்குச்சி கத்தினான். சிரிப்பும் கேலியுமாக எண்கள் கூடத்தின் அங்கிருந்தும் இங்கிருந்தும் வந்தன. பதினாலு. பதினஞ்சு. பதினாறு.

"பதினேழு!"

குரல் கடைசி வரிசையிலிருந்து வந்தது. சத்தமாக, அதட்டலாக, கொஞ்சம் அவசரமாக. பெரியக்காவின் குரல் அது. இப்போது கரகரத்துப்போன குரல் அல்ல, பதினைந்து வருஷத்துக்கு முந்தையது.

"பதினெட்டு" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டவள், இப்போது நர்ஸாக இருப்பவள், அப்படியே நின்றாள். வாலிபர் கூட்டத்தில் காத்துக்கு அடுத்த எண் அவளுடையது. அவளுக்குப் பின்னால் காலியான நாற்காலிகள் மட்டும் கிடந்தன. அவள் மெதுவாக முன்பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அன்னைக்கு வண்டியிலயும் இப்படித்தான் கேட்டுச்சு. இதே குரல். நீங்கதானாக்கா அது?"

"அக்கா, விளையாடாதீங்கக்கா" என்றான் ஒட்டடைக்குச்சி. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"இப்ப அவங்க சொல்லல" என்றாள் தையல்காரம்மா. "நான் பாத்துட்டேதான் இருந்தேன். வாயே தொறக்கல." பெரியக்காவின் உதடுகளையே பார்த்தாள். "அப்ப, அன்னைக்கு?"

பெரியக்கா கடித்திருந்த உதடுகளை விடுவித்தாள்.

"அன்னைக்குத் தொறந்தேம்மா. அன்னைக்கு நான்தான் சொன்னேன். அவ சத்தமாவும் சொல்லல, மெதுவாவும் சொல்லல. அவ வண்டியிலயே இல்ல. நான் திரும்பிக்கூடப் பாக்கல."

தையல்காரம்மா அழுவாள், அடிப்பாள், காறித் துப்புவாள் என்று பதினைந்து வருஷமாக அவள் எதிர்பார்த்திருந்தாள். தையல்காரம்மா அப்படி ஒன்றும் செய்யவில்லை. பிடித்திருந்த கையை விட்டாள். எழுந்து, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, கடைசி வரிசைக்குப் போனாள். ஓரத்து நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் காலி நாற்காலியின் பக்கம் காதைச் சாய்த்தாள்.

"அது அக்கா குரல் பாப்பா" என்றாள். "அது வேணாம். உன் குரல்ல சொல்லு. அம்மா கேக்கணும்."

யாரும் அசையவில்லை. ஜன்னல்கள் சாத்தியிருந்தன, மின்விசிறி நின்றிருந்தது. தையல்காரம்மாவின் காதோரத்து நரைமுடி மட்டும் அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. காத்துதான் வந்தது.

முன்வரிசையில் பெரியக்காவின் தொண்டைக்குள் பழைய அவசரம் முட்டிக்கொண்டு ஏறியது. அடக்கப் பார்த்தாள். உதடு தானாகப் பிரிந்தது.

"பதி—"

"சும்மா இருங்கக்கா" என்றாள் தையல்காரம்மா, திரும்பாமலே. "அவ சொல்லிட்டிருக்கா."